புலம்பலுக்கு இரண்டு பெயர்

பெரிய வெள்ளிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தபோது கோயில் அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துபோனது. பங்குப் பேரவையின் செயலாளர் அருள்பிரகாசம் அந்தச் செய்தியைக் கேட்டு வருத்தப்படவில்லை. பல நாளாக அவர் தேடிக்கொண்டிருந்த சாக்கு அது.

திருவொற்றியூர் வார்ப்படத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் ஃபோர்மேனாக நின்ற உடம்பு. எழுபது வயதிலும் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வெயில் கொளுத்தினாலும் சட்டையின் மேல் பொத்தான் பூட்டியே இருக்கும். சூசைமாணிக்கத்தின் மகன் என்று சொன்னால் ராயபுரம் மீனவர் தெருக்களில் ஒரு காலத்தில் மனிதர்கள் எழுந்து வழிவிட்டார்கள். அந்த மரியாதை தன் காலத்தில் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவர் இப்படி விறைப்பாக இருந்தார்.

பெரிய வெள்ளி ஊர்வலத்தில் ஏசுவின் சாவைச் சொல்லி அழும் புலம்பலைப் பாடும் உரிமை அந்தக் கோயிலில் இரண்டு வீடுகளுக்கு மட்டும் உண்டு. ஒரு வருஷம் சூசைமாணிக்கத்தின் வீடு, அடுத்த வருஷம் லாசருவின் வீடு. பாடாத வீட்டுக்காரர் பாடுகிறவரின் தோள் அருகே விளக்குப் பிடித்து நடக்க வேண்டும். பாடும் வீடும் விளக்குப் பிடிக்கும் வீடும் சமம் என்பது அதன் பொருள். இருவருக்கும் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அண்ணாவியார் ஒருவரே என்பதால் இழுப்பும் ஏற்றமும் ஒன்றுபோலவே இருக்கும்.

சூசைமாணிக்கம் தொண்ணூற்று இரண்டாம் வருஷம் தவக்காலத்தில் இறந்துபோனார். அந்த வருஷம் பாட வேண்டிய முறை அவருடையது. துக்க வீடு என்பதால் லாசருவின் மகன் அலெக்ஸாண்டர் பாடினான். அடுத்த வருஷம் யார் முறை என்பதில் மூண்டது சண்டை. "போன வருஷம் எங்களுக்காகப் பாடினே. இந்த வருஷம்தான் உங்க முறை" என்று விட்டுக்கொடுப்பதுபோல அருள்பிரகாசம் சொன்னார். "உனுக்காக இன்னாத்துக்கு நான் பாடணும்? நான் பாடினது என் பாட்டு. இப்ப உன் முறை, பாடு" என்றான் அலெக்ஸாண்டர். இரண்டு பேருமே எதிராளிக்குத்தான் முறையைக் கொடுத்தார்கள். ஆனாலும் அது அவமானமாகிவிட்டது. அன்றிலிருந்து ஊர்வலத்தின் முன்பாதி ஒரு வீடு, பின்பாதி ஒரு வீடு. விளக்குப் பிடிக்க ஆளில்லாமல் தள்ளுவண்டியில் ட்யூப் லைட் கட்டினார்கள். லாசருவின் வீடு பாடும் பாதியில் அருள்பிரகாசம் டீக்கடைக்குப் போய்விடுவார். இவர் வீடு பாடும் பாதியில் அந்த டீக்கடையில் அலெக்ஸாண்டர் நிற்பான்.

கம்ப்யூட்டரில் இரண்டு பழைய ஒலிப்பதிவுகள் இருந்தன. ஒன்றின் பெயர் 'புலம்பல் சூசைமாணிக்கம்', மற்றொன்று 'புலம்பல் லாசரு'. எண்பதுகளில் மைக் செட் கமால் பாய் கேசட்டில் பிடித்தவை. பதினைந்து வருஷத்துக்கு முன் அவர் மகன் முபாஷிர்தான் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுத்தான். அவரவர் வீட்டுப் பாட்டை அவரவர் போனில் வாங்கிக்கொண்டார்கள். தகப்பனாரின் நினைவு நாளில் அருள்பிரகாசம் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்பார். அந்த இருபத்திரண்டு நிமிஷம் மட்டும் அவர் அழுவது வீட்டாருக்குத் தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்வதில்லை.

அந்தப் பாட்டில் அவருக்கு ஒரே ஒரு குறை. பதினோராம் நிமிஷத்தில் குரல் ஒரு கணம் நிற்கும். பின்னால் யாரோ முணுமுணுப்பது கேட்கும். பிறகு குரல் மறுபடி எழும். அந்த வருஷம் விளக்குப் பிடித்து நின்றது லாசரு. பொறாமையில் எதையோ முணுமுணுத்து அப்பாவின் பாட்டைக் குலைக்கப் பார்த்திருக்கிறான் என்று அருள்பிரகாசம் எப்போதோ தீர்மானித்துவிட்டார்.

புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒரு யோசனை சொன்னார். இந்த வருஷம் ஊர்வலம் தொடங்குமுன் பழைய குரல் ஒன்றை ஒலிபெருக்கியில் போட்டு, பாடியவர் பெயரையும் அறிவிக்கலாம் என்றார். ஒன்றே ஒன்றுதான். எது என்பதைக் குருத்து ஞாயிறு அன்று பேரவை கேட்டு முடிவு செய்யும்.

கேட்பதற்கு இரண்டு இருந்தால்தானே முடிவு என்று ஒன்று வேண்டும்?

புதன்கிழமை மதியம் அவர் அலுவலகத்துக்கு வந்தபோது வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள்மேல் அலெக்ஸாண்டர் உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். இன்றைக்கும் எல்லாரையும் உயரத்திலிருந்து பார்ப்பதுபோலத்தான் பார்ப்பான்.

"இன்னா செயலாளரே, கம்ப்யூட்டரைக் கழுவப் போறியாமே? தண்ணி ஊத்தும்போது எங்க அப்பன் மேல பட்டுறப் போவுது."

அருள்பிரகாசம் கதவின்மேல் கை வைத்தார். "இடம் இல்லாத எடத்துல வேண்டாததைத்தான் எடுப்பாங்க."

"அப்ப உங்க வூட்டுதுதான் மொதல்ல போவும்" என்று சிரித்தான் அலெக்ஸாண்டர். "பாட்டா அது? தகர டப்பாவுல ஆணி போட்டுக் குலுக்கினாப்போல."

"நீ கேட்டியா?"

"நான் இன்னாத்துக்குக் கேக்கணும்?"

"கேட்காமப் பேசாதே" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். லாசருவின் பாட்டைத் தானும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போது அவர் நினைவில் இல்லை.

மருமகள் எழில்மொழி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காலை ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். வியாசர்பாடியில் பௌத்தக் குடும்பத்துப் பெண். மகன் அவளைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அருள்பிரகாசம் அவளிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

"மாமா, எடம் நெறைய மிச்சம் புடிக்கலாம். ஒரே மாதிரி ஃபைலைத் தேடுற சாப்ட்வேர் ஓட விட்டேன். தேர்த் திருவிழா போட்டோவே மூணு மூணு காப்பி இருக்கு. நாலாயிரம் ரெட்டை காட்டுது."

"பாட்டு?"

"அதான் புரியல. ரெண்டு புலம்பலும் சைஸ் ஒரு புள்ளி மாறாம இருக்கு. ஆனா இது ரெட்டைன்னு அந்த லிஸ்டுல வரல."

"எப்படி வரும்? ஒண்ணு பாட்டு, இன்னொண்ணு கத்தல்."

எழில்மொழி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அருள்பிரகாசம் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு நேராக உட்கார்ந்தார்.

"இந்தாம்மா. மொதல்ல அந்த லாசரு பாட்டை எடுத்துடு. அப்புறம் எங்க அப்பா பாட்டுல பதினோராம் நிமிஷத்துல ஒரு முணுமுணுப்பு வரும். அதை வெட்டிடு."

அவள் கை நின்றது. "அவங்க வீட்ல தெரியுமா மாமா?"

"எடம் இல்லேன்னு நீதானே சொன்னே? அவன் போன்ல அது இருக்கு. கோயில்ல எதுக்கு ரெண்டு?"

"போட்டோவைக் கழிச்சாலே எடம் கிடைச்சிரும்..."

"நான் செயலாளர்" என்றார் அருள்பிரகாசம்.

அவள் கறுப்புத் திரையில் எதையோ தட்டினாள். 'புலம்பல் லாசரு' என்ற வரி மறைந்துபோனது. எளிதாக முடிந்துவிட்டது. அவர் எதிர்பார்த்த நிம்மதி மட்டும் வரவில்லை. அவர் கண் திரையின் மூலையிலிருந்த எண்ணுக்குப் போனது. மீதி இடம் நூற்றுப் பதினெட்டு எம்.பி. சற்று முன்பும் அதே நூற்றுப் பதினெட்டுதான்.

"பாட்டு எவ்வளவு?"

"இருநூத்து முப்பது எம்.பி. மாமா."

"அப்போ மீதி முந்நூத்துச் சொச்சம் காட்டணுமே. நூத்துப் பதினெட்டுலயே நிக்குதே."

எடை போட்டு இரும்பை உள்ளே அனுப்பிப் பழகிய கண், ஏமாறாது. எழில்மொழி நெற்றியைச் சுருக்கினாள். குப்பைத் தொட்டியில் கிடக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. எதையும் தொடுவதற்கு முன்னால் எல்லா ஃபைல்களின் பட்டியலையும் எடுத்து வைப்பது அவள் வேலை இடத்துப் பழக்கம். வந்ததும் எடுத்த அந்தப் பட்டியலைத் திறந்து விரலால் தேடிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"ஐயோ" என்றாள் மெதுவாக. "மாமா, இதைப் பாருங்க. பேருக்கு முன்னாடி ஒரு நம்பர் இருக்கா? ஐநோட் நம்பர்னு சொல்வாங்க. ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க் தானாக் குடுக்கிற நம்பர். பேரு நாம வைக்கிறது. கம்ப்யூட்டருக்குப் பேரு முக்கியமில்ல, இந்த நம்பர்தான். உங்க அப்பா பாட்டுக்கு என்ன நம்பர்?"

அவர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "மூணு ஒம்போது மூணு ஏழு நாலு ஒண்ணு."

"லாசரு பாட்டுக்கு?"

அவர் படித்தார். மறுபடி படித்தார். அதே எண்.

"காப்பி பண்ணியிருந்தா நம்பர் வேற ஆயிருக்கும். அப்போ சாப்ட்வேர் ரெண்டையும் தெறந்து ஒப்பிட்டு ரெட்டைன்னு சொல்லியிருக்கும். டிஸ்கும் ஒண்ணு, நம்பரும் ஒண்ணுன்னா அது தெறந்துகூடப் பாக்காது. ஏன்னா ரெண்டு ஃபைலே இல்ல. ஒரே ஃபைலுக்கு ரெண்டு பேரு. பக்கத்துல பாருங்க, ரெண்டுன்னு போட்டிருக்கு. எத்தனை பேருன்ற கணக்கு அது. இப்போ நான் ஒரு பேரைத்தான் எடுத்தேன், பாட்டு அப்படியே இருக்கு. அதான் எடம் ஏறல."

அருள்பிரகாசத்துக்கு அது உடனே விளங்கியது. தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு பல்சக்கரங்கள் கண்ணுக்கு ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் தனி எண் குத்தியிருக்கும். இரண்டு சீட்டில் ஒரே எண் வந்தால் கிடங்கில் இருப்பது ஒரு சக்கரம்தான். வேறு தொழிற்சாலையிலும் அதே எண் குத்தியிருக்கலாம். அதனால் எண்ணோடு எந்தத் தொழிற்சாலை என்பதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இதுவும் அப்படித்தான்.

விளங்கியது, ஆனால் வேறு விதமாக. முகம் சிவந்தது.

"அப்போ எங்க அப்பா பாட்டுக்கு அவன் அப்பன் பேரை ஒட்டி வச்சிருக்கான்! பதினஞ்சு வருஷமா! வாசல்ல உக்காந்துகினு தகர டப்பான்னு வேற சொல்றான்!"

"மாமா, யார் பாட்டுன்னு நம்பர் சொல்லாது. ஒண்ணுன்னு மட்டும்தான் சொல்லும்."

அவர் அதைக் கேட்கவில்லை. "நீ எதையும் தொடாதே. கமால் பாய்தான் புடிச்சாரு. இது சூசைமாணிக்கம் குரல்னு அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரேன். ஞாயித்துக்கிழமை பேரவை முன்னாடி வாசிக்கிறேன்."

மறுநாள் காலை ஒரு வெள்ளைத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லாரி வரிசையைச் சுற்றிக்கொண்டு சிமெட்ரி ரோட்டில் நடந்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் கமால் பாயின் கடை இன்னும் இருந்தது. இப்போது கல்யாணங்களுக்குச் சீரியல் விளக்கு வாடகைக்கு விடுகிறார். எண்பதை நெருங்கும் மனிதர். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"வா அருளு! இன்னாப்பா, பட்டாளத்துக்காரன் மாதிரி வாசல்ல நிக்கிற? உக்காரு. ஏ லுப்னா, டீ கொண்டாம்மா!"

உள்ளேயிருந்து அவர் பேத்தி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அருள்பிரகாசம் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். எண்ணைச் சொன்னார். ஒரு பாட்டுக்கு இரண்டு பெயர் இருந்ததைச் சொன்னார். தாளை எடுத்து விரித்து முழங்காலில் வைத்தார்.

"ரெண்டு வரி எழுதிக் குடுங்க பாய். இது எங்க அப்பா குரல்னு."

கமால் பாய் ஒயரைக் கீழே வைத்தார்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா" என்றார். "அல்லா, நான் மவுத்தான அப்பால கண்டுபுடிப்பீங்கன்னு இருந்தேன்."

"என்ன பாய் சொல்றீங்க?"

"ரெண்டு வருஷம் புடிச்சேன்பா. ஒரு வருஷம் உங்க அப்பா, அடுத்த வருஷம் லாசரு. ரெண்டு கேசட்டு. ரெண்டாயிரத்து அஞ்சுல மழை பெஞ்சுதே, கடையில இடுப்பளவு தண்ணி. ஒண்ணு ஊறிப் போச்சு. வெயில்ல வச்சேன், ஃபேன்ல வச்சேன், டேப்பு வெத்தல மாதிரி உரிஞ்சி வந்துச்சி. மேலே பரண்ல இருந்த ஒண்ணு தப்பிச்சுது."

அருள்பிரகாசம் தாளின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"அப்பால ஒருநாள் காலையில நீ வந்து நின்ன, அப்பா குரல் வேணும் பாய்னு. அன்னிக்கே சாயங்காலம் அலெக்ஸாண்டர் வந்தான், அதே வார்த்தை. யார் மூஞ்சைப் பார்த்து நான் இல்லேன்னு சொல்றது? முபாஷிரு கிட்ட சொன்னேன். அவன்தான், வாப்பா, டிஸ்கு சின்னது, ரெண்டு காப்பி போட்டா பத்தாது, ஒரே பாட்டுக்கு ரெண்டு பேரு ஒட்டிர்றேன்னான். எனக்கும் சரின்னு பட்டுச்சி."

"நாங்க கேட்டுக் கண்டுபிடிப்போம்னு நினைக்கலையா?"

கமால் பாய் சிரித்தார். பல் இல்லாத, வருத்தமான சிரிப்பு. "நீ அவன் பாட்டைக் கேப்பியா, அவன் உன் பாட்டைக் கேப்பானா? அந்தத் தைரியத்துலதானே செஞ்சேன்!"

தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அது கடந்துபோகும்வரை அருள்பிரகாசம் காத்திருந்தார்.

"தப்பிச்சது எது பாய்?"

"வாணாம் அருளு."

"சொல்லுங்க."

"லாசரு பாடினது" என்றார் கமால் பாய். "அந்த வருஷம் உங்க அப்பா விளக்குப் புடிச்சிகினு நின்னாரு. என் மைக்கு அவருக்கும் லாசருக்கும் நடுவுலதான் இருந்துச்சி."

அருள்பிரகாசம் டீயைக் குடித்து முடித்தார். குடிக்காமல் எழுந்தால் பாயைக் குற்றம் சொன்னதாகும். வெள்ளைத் தாளை அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வரேன் பாய்" என்றார். அவர் நடை மாறவில்லை என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். ஆனால் கால்கள் எங்கே போகின்றன என்று அவருக்கே தெரியவில்லை. ராயபுரம் ரயில் நிலையத்து வாசலில் நின்றுகொண்டிருப்பது வெகு நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவர் எந்த ரயிலுக்கும் வந்தவர் இல்லை.

அப்பாவின் குரல் உலகத்தில் எங்கும் இல்லை. பதினைந்து வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது லாசருவின் குரலைக் கேட்டு. அந்தக் குரல் இப்போது கோயிலில் சூசைமாணிக்கம் என்ற ஒரே பெயரில் இருக்கிறது. லாசருவின் பெயரை எடுக்கச் சொன்னது சூசைமாணிக்கத்தின் மகன். இதை இப்படியே விட்டால் யாருக்கும் தெரியாது. பாய் சொல்லமாட்டார். எழில்மொழிக்கு எண் தெரியும், குரல் யாருடையது என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பேரவை கேட்கும். அப்பாவின் பெயர் ஒலிபெருக்கியில் வரும்.

களவாடிய மரியாதையைத் தகப்பனுக்குச் சூட்டுகிறவன் மகனா? அந்தக் கேள்விக்குப் பிறகு அவருக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அன்று மதியம் எழில்மொழி அலுவலகத்துக்கு வந்தபோது அவர் முன்னதாகவே உட்கார்ந்திருந்தார்.

"நேத்து எடுத்த பேரைத் திரும்ப வைக்க முடியுமா?"

"முடியும் மாமா. ஒரு நிமிஷம்கூட ஆகாது." அவள் தட்டினாள். 'புலம்பல் லாசரு' மறுபடி வந்து நின்றது. "பாருங்க, அதே நம்பர். பக்கத்துல ரெண்டுன்னு வந்துருச்சு. பாட்டுக்கு ஒண்ணும் ஆகல."

"நல்லது. இப்போ எங்க அப்பா பேரை எடுத்துடு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பாடினது லாசரு" என்றார் அருள்பிரகாசம். "எங்க அப்பா பாடினது மழையில போயிடுச்சு. பாய் சொன்னாரு."

இந்த மனிதருக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று எழில்மொழிக்குத் தெரியவில்லை. ஆறுதல் சொன்னால் எழுந்து போய்விடுவார் என்பது மட்டும் தெரிந்தது. அதனால் வேலையைப் பற்றியே பேசினாள்.

"சரி மாமா. அந்த முணுமுணுப்பை வெட்டச் சொன்னீங்களே, அது வேணாம்ல? வெட்டினா அவங்க பாட்டுலயும் சேர்ந்து போயிடும். ஒரே ஃபைல்தானே."

"ஆமா, வேண்டா..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார்.

பாடியது லாசரு என்றால் விளக்குப் பிடித்து நின்றது யார்? கமால் பாய் சொன்னது அப்போது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. மைக் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

"அந்த இடத்தைப் போடு" என்றார். குரல் வேறாக இருந்தது. "காதுல மாட்டுறது இருக்கா?"

தன் பையிலிருந்த ஹெட்போனை அவள் எடுத்து அவர் காதில் வைத்தாள். பத்தாம் நிமிஷத்திலிருந்து போட்டாள். போனின் சின்ன ஸ்பீக்கரில் பதினைந்து வருஷமாக இரைச்சலாகக் கேட்டது இப்போது அடுக்கடுக்காகப் பிரிந்தது. கூட்டத்தின் கால்கள், ஒரு குழந்தையின் அழுகை, பெட்ரோமாக்ஸ் விளக்கின் சீற்றம். அந்தச் சீற்றம் மைக்குக்கு மிக அருகில் இருந்தது. லாசருவின் குரல் உயர்ந்து, இழுத்து, ஒரு சொல்லுக்கு முன்னால் திடீரென்று நின்றது. அடுத்த அடி மறந்துவிட்ட மனிதனின் மூச்சு கேட்டது. அப்போது விளக்கின் பக்கத்திலிருந்து, கூட்டத்துக்குக் கேட்காதபடி, தாழ்ந்த குரலில் ஒருவர் சொன்னார்:

"முள்முடி... முள்முடின்னு எடு. பயப்படாத, நான் கீறேன்."

லாசரு முள்முடி என்று எடுத்தார். புலம்பல் மறுபடி எழுந்தது.

அருள்பிரகாசம் ஹெட்போனைக் கழற்றவில்லை. காய்ச்சலில் கிடந்த ஏழு வயதில் இதே குரல் இதே சொல்லைத் தன் கட்டிலருகே சொன்னது அவருக்கு நினைவு வந்தது. இருக்கிறேன் என்பதை அப்பா அப்படித்தான் சொல்வார். நான் கீறேன். பாட்டுக் குரலில் அப்பாவைத் தேடித் தேடி, பேச்சுக் குரலில் இருந்தவரை வெட்டி எறியச் சொல்லியிருந்தார்.

"இன்னொரு தரம்" என்றார். எழில்மொழி போட்டாள். மூன்றாவது தரம் அவர் கேட்காமலே போட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேரை எடுக்கணுமா மாமா?" என்று வெகு நேரம் கழித்துக் கேட்டாள்.

"இப்ப இல்ல. அதைக் கேக்க வேண்டிய ஆள் வேற" என்றார் அருள்பிரகாசம். எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "அந்தப் பாட்டை உன் போன்ல ஏத்திக்கினு, இந்த ஹெட்போனோட என்கூட வா எழில்மொழி."

அலெக்ஸாண்டரின் வீடு அருள்பிரகாசம் வீட்டுத் தெருவிலேயே, ஏழு வீடு தள்ளி. முப்பது வருஷமாக அருள்பிரகாசம் அந்த வாசற்படி ஏறியதில்லை. அலெக்ஸாண்டர் பனியனோடு படியில் உட்கார்ந்து சாயங்காலக் காற்றில் காலை நீட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா அதிசயம், செயலாளரே வூட்டாண்ட வர்றாரு! தேர்தலா?"

"உக்காரச் சொல்லாதே. நின்னுகினே சொல்லிட்டுப் போயிடுறேன்" என்றார் அருள்பிரகாசம். "நேத்து உங்க அப்பா பேர்ல இருந்த பாட்டைக் கம்ப்யூட்டர்லேந்து எடுக்கச் சொன்னேன். இந்தப் பொண்ணு வேணாம்னுச்சு. நான்தான் எடுக்க வச்சேன். இன்னிக்குத் திரும்ப வச்சாச்சு. ஆனா எடுத்தது எடுத்ததுதான். பேரவையில நீ சொன்னாலும் நான் இல்லேன்னு சொல்லமாட்டேன்."

அலெக்ஸாண்டர் எழுந்து நின்றான். கழுத்து நரம்பு புடைத்தது. "இன்னா தில்லு இருந்தா..."

"இன்னும் முடியல. எங்க அப்பா பேர்ல இருக்கிறதும் உங்க அப்பா பாடினதுதான். ஒரே பாட்டு. எங்களுது மழையில போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை லாசரு பேரைத்தான் அறிவிக்கணும். நானே சொல்றேன்."

கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலெக்ஸாண்டர் கொஞ்ச நேரம் விழித்தான். பிறகு அவன் உதடு மெல்ல விரிந்தது.

"இரு இரு. அப்ப வருஷா வருஷம் நீ எங்க அப்பன் பாட்டுக்கா அழுதுகினு இருந்த?"

"ஆமா."

"தகர டப்பான்னு நான் சொன்னது..."

"உங்க அப்பாவைத்தான்."

அலெக்ஸாண்டர் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பேஜாரு புடிச்ச பொழப்பு மாமு இது!" சட்டென்று அவன் முகம் மாறியது. "அப்ப நடுவுல குறுக்கப் பேசி எங்க அப்பன் பாட்டைக் கெடுத்தானே ஒருத்தன், அது உங்க அப்பன்தான்னு நான் எப்பவோ சொன்னேன். பாத்தியா?"

அருள்பிரகாசம் எழில்மொழியைப் பார்த்தார். அவள் ஹெட்போனை அலெக்ஸாண்டரின் காதில் மாட்டிப் பாட்டைப் போட்டாள்.

அவன் நின்றுகொண்டே கேட்டான். பிறகு படியில் உட்கார்ந்து கேட்டான். அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றாமல், தன் குரல் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று தெரியாமல், தெருவுக்கே கேட்கும்படி பேசினான்.

"மறந்துட்டாருய்யா எங்க அப்பன். அம்மாம் ஜனம் முன்னாடி மறந்து நின்னிருக்காரு. உங்க அப்பா இல்லேன்னா அன்னிக்கு மானம் போயிருக்கும்."

"விளக்குப் புடிக்கிறவன் வேலை அது" என்றார் அருள்பிரகாசம்.

"அவர் பேரை எடுக்காத. சொல்லிட்டேன்." அலெக்ஸாண்டர் ஹெட்போனைக் கழற்றி எழில்மொழியிடம் கொடுத்தான். "இன்னாம்மா, ரெண்டு பேரும் இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம் மாமா. ஏற்கெனவே அப்படித்தான் இருக்கு."

"அப்ப இருக்கட்டும். அந்தச் சாமியாரு ரெண்டு பேரையும் சேர்த்துச் சொல்லட்டும், பாடினது யாரு, விளக்குப் புடிச்சது யாருன்னு." அவன் படியில் சற்று நகர்ந்து இடம் விட்டான். அருள்பிரகாசம் அந்த இடத்தைப் பார்த்தார், உட்காரவில்லை. ஆனால் அங்கிருந்து நகரவும் இல்லை.

"இந்த வருஷம் யார் முறை?" என்று கேட்டார்.

"எவனுக்குத் தெரியும்? முப்பது வருஷ எண்ணிக்கை குழம்பிப் போச்சே."

"நீ பாடு."

"நீ?"

"பெட்ரோமாக்ஸ் எங்க வீட்டுப் பரண்ல இருக்கு. கண்ணாடி விரிஞ்சிருக்கும்."

"எம்.சி. ரோட்டாண்ட கிடைக்கும். நாளைக்கு வண்டியில போய்ட்டு வரலாம்" என்றான் அலெக்ஸாண்டர். "ஆனா ஒண்ணு. எனக்கு இப்பல்லாம் ரொம்ப மறக்குது. எடுத்துக் குடுப்பியா?"

"நான் கீறேன்" என்றார் அருள்பிரகாசம்.

சொன்ன பிறகுதான் அது அப்பாவின் பேச்சு என்பது அவருக்குத் தெரிந்தது. மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு அவர் படியில் உட்கார்ந்தார்.